வதந்தி என்னும் செய்தி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் சென்ற ஆண்டுகளில் கம்பனையும் வள்ளுவரையும் பற்றி வாய் மணக்கப் பேசிய புலவர் பெருமக்கள் நின்றிருக்கிறார்கள். நமக்கோ பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு கிடைத்தது ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். இன்றளவும் அதுதான் சோறு போடுகிறது. ஆராய்ச்சி என்று தலைப்பிட்டுப் பேச நமக்கென்ன தகுதி என்று செயலாளரிடம் கேட்டோம். "2023 மார்ச்சு மாதம் இந்தத் தன்பாத் நகரில் நாம் பட்டதை யாராவது ஒருவர் பேசித்தானே ஆகவேண்டும்? தொடங்கி வைத்தவரே பேசுவது முறை" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் உறைத்தது. அவர் சொன்னதன் பொருளைப் பின்னால் விளக்குகிறோம்.

நம் மூத்த மகள் கல்லூரியில் தொடர்பியல் பயில்கிறாள். பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் மக்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்று உலகெங்கும் நடக்கும் ஆராய்ச்சிகளைக் கற்கும் படிப்பு அது. விடுமுறைக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த புத்தகங்களை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவுகளில் புரட்டினோம். எல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி என்றே இருக்கும் என்று நினைத்திருந்தோம். திடீரென்று ஒரு பக்கத்தில் 'பாட்னா' என்ற பெயர் கண்ணில் பட்டது. டிக்கட்டில் நாம் தினமும் அச்சிட்டுக் கொடுக்கும் ஊரின் பெயர், உலகப் புகழ் பெற்ற ஒரு நூலின் பிறப்பிடமாக அங்கே நின்றது. அன்று விளக்கை அணைக்கும்போது மணி இரண்டு.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகல் இரண்டே கால் மணி அளவில் பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மோங்கீர் நகரம் ஏறக்குறையத் தரைமட்டமாயிற்று. அதனை அடுத்த ஜமால்பூரில் 1862-இல் நிறுவப்பட்ட ரயில்வே தொழிற்சாலையும் பெருஞ்சேதமுற்றது. அங்கே பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் நம் சங்கத்திலேயே சிலர் உண்டு. அப்போது நம்முடைய இவ்வூரும் பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தைச் சேர்ந்தது. ஜார்க்கண்டு தனி மாநிலமானது 2000-இல்தான்.

அந்தப் பூகம்பத்தை ஒட்டி மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற மனோதத்துவ அறிஞர் பாட்னாவில் சேகரித்தார். 1935-இல் ஆங்கில நாட்டு மனோதத்துவ ஏடு ஒன்றில் அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பூமி அதிர்ந்த வேளையில் கங்கை நீர் மறைந்துபோயிற்றாம். நீராடிக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்களாம். பாட்னாவை நோக்கிக் கடும் புயல் வருகிறதாம். நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் புரண்டு வருகிறதாம். சந்திர கிரகணத்தன்று மீண்டும் ஒரு பூகம்பமாம். பிப்ரவரி 26-ஆம் தேதி பாட்னா நகரமே இல்லாமற் போகுமாம். இப்படிப் பல. இவற்றை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கருதிக் குறித்து வைக்க வேண்டும் என்று அந்த நாளில் ஒருவருக்குத் தோன்றியதே, அதை எண்ணிப் பாருங்கள். பெரியோர்களும் அப்போது பூகம்பத்துக்குக் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார் காந்தியடிகள். அதனை ஏற்க மாட்டேன் என்று மறுத்தார் தாகூர்.

ஜமுனா பிரசாதின் கட்டுரை நெடுங்காலம் நூலகங்களில் கிடந்தது. 1951-இல் லியான் பெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. செய்தித் தொடர்பு பற்றியும், மனிதர் ஒருவர் மற்றொருவர் மனத்தை மாற்றுவது பற்றியும் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்துப் பார்க்கும் வேலை அது. அந்தக் குவியலில் இந்தப் பாட்னாக் கட்டுரை அவர் கைக்கு வந்தது. படித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்த வதந்திகள் எங்கே உலவின? வீடிழந்து பிணங்களுக்கு நடுவே நின்றவர்களிடம் அன்று. நில அதிர்ச்சியை உணர்ந்தும், சேதம் ஏதும் காணாத ஊர்களிலேதான் அவை உலவின. பிழைத்துக்கொண்டவன் ஆறுதல் தரும் கதையை அல்லவா கட்டவேண்டும்? இன்னும் பெரிய துன்பம் வரப்போகிறது என்று எதற்காகத் தன்னையே அச்சுறுத்திக்கொள்கிறான்?

பெஸ்டிங்கர் கண்ட விடை இது. பூமி அதிர்ந்ததில் அவனுக்கு அச்சம் பிடித்துவிட்டது. சுற்றிலும் பார்க்கிறான், சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது, அஞ்சுவதற்கு ஏதுவாகக் கண்முன் ஒன்றும் இல்லை. அச்சமோ உள்ளே இருக்கிறது. இவ்விரண்டும் பொருந்தவில்லை. ஆகவே அச்சத்துக்குத் தக்க ஒரு காரணத்தை மனம் தேடிப் பிடிக்கிறது. வதந்தி அவனை அச்சுறுத்தவில்லை; ஏற்கெனவே அவன் கொண்டிருந்த அச்சத்துக்கு நியாயம் வழங்கிற்று. மலையே சரிந்து வீழ்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் இந்தியாவிலிருந்தே சான்று கிடைத்தது. 1950-இல் டார்ஜிலிங்கில் ஏற்பட்ட நிலச்சரிவைத் துர்காநந்த சின்ஹா ஆராய்ந்து 1952-இல் எழுதினார். அழிவின் நடுவில் நின்ற அம்மக்களிடம், இனி இதைவிடப் பெரிய அழிவு வரும் என்ற பேச்சு எழவில்லை. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் எதிரிலேயே கிடந்தது. வேறு தேட வேண்டியிருக்கவில்லை.

எண்ணங்களின் இசைவின்மை பற்றிப் பெஸ்டிங்கர் 1957-இல் எழுதிய நூல் உலகப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் பாடமாயிற்று. அதற்கு வித்திட்டது பாட்னாக் கட்டுரைதான் என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ப் பக்கத்து வதந்தி ஒன்று இப்படிக் கப்பல் ஏறிப் போய்க் கல்வியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இனி இன்னொரு நூல். ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் இருவர் 1947-இல் வெளியிட்டது. (போஸ்ட்மன் என்பது பெயர், உத்தியோகம் அன்று.) இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெருகிய வதந்திகளைக் கண்டு அவர்கள் இதில் இறங்கினார்கள். ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டுவார்கள். அவர் படத்தைப் பாராத இன்னொருவரிடம் கண்டதைச் சொல்லவேண்டும், அவர் மூன்றாமவரிடம், இப்படியே ஆறேழு பேர். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் நூற்றுக்கு எழுபது உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை கூர்மையாயின. அதோடு, கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணத்துக்கு ஏற்ப அவை உருமாறின.

அப்படங்களுள் ஒன்று ரயில் பெட்டியின் உட்புறம். அதனாலேயே அது நம் நெஞ்சில் தங்கிவிட்டது. சுரங்க ரயில் ஒன்றில் பிரயாணிகள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். இருவர் நிற்கிறார்கள்; ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர். சவரக் கத்தி இருப்பது வெள்ளையர் கையில். வாய் வாயாகச் சென்றபோது, பாதிக்கு மேற்பட்ட சோதனைகளில் ஏதோ ஓரிடத்தில் கத்தி கறுப்பர் கைக்கு மாறிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கத்தி எவர் கையில் இருக்கும் என்று அவர்கள் முன்னமே எண்ணி வைத்திருந்தார்களோ அவர் கைக்கு அது தானே சென்று சேர்ந்தது. இந்தக் கத்தியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வதந்தியின் பலத்துக்கு அவ்விருவர் ஒரு கணக்கும் சொன்னார்கள். கேட்பவருக்கு விஷயம் எவ்வளவு முக்கியமோ, அதை எவ்வளவு தெளிவின்மை சூழ்ந்திருக்கிறதோ, இரண்டையும் பெருக்கினால் வருவது வதந்தியின் அளவு. கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. இதைப் படித்தபோது நமக்குப் பழைய இரவு ஒன்று நினைவுக்கு வந்தது.

உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. ஒரு சிறிய நிலையத்தில் விசாரணைச் சாளரத்தில் இரவுப் பணி. ஜனவரி மாதப் பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே வாழும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரவேண்டிய விரைவு வண்டி மூன்று மணி நேரமாக வரவில்லை. ஏன் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் தகவல் இல்லை. கேட்டவர்க்கெல்லாம் "தெரியாது, தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவை இழுத்துக்கொண்டோம். அரை மணி நேரத்தில் பிளாட்பாரத்தில் கதை முழுதாகிவிட்டது. பாலம் உடைந்ததாம், நான்கு பெட்டிகள் ஆற்றிலாம். யார் சொன்னது என்றால் விசாரணைக் குமாஸ்தாவே கதவை மூடிக்கொண்டு அழுகிறாராம். மகனை அழைத்துப் போக வந்த ஒரு கிழவி தரையில் உருண்டு அழத் தொடங்கிவிட்டாள். உண்மையில் நடந்தது, முன்னே சென்ற சரக்கு வண்டியின் இஞ்சின் பழுது. வேறொன்றும் இல்லை.

மறுநாள் மூத்த குமாஸ்தா ஒருவர் நம்மை அழைத்துச் சொன்னார். "தெரியாது என்று மட்டும் சொல்லாதே. வண்டி கடைசியாகக் கடந்த நிலையம் எது என்று தெரியுமல்லவா? அதைச் சொல். அடுத்த தகவல் எத்தனை மணிக்குச் சொல்வாய் என்பதையும் சொல். அந்த மணிக்குத் தகவல் இல்லாவிட்டாலும் கதவைத் திறந்து, இல்லை என்று சொல்." அவர் ஆல்போர்ட்டைப் படித்தவர் அல்லர். பெருக்கலில் எந்த எண்ணைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை எதிர்பார்த்து நிற்கும் தாய்க்கு விஷயம் முக்கியமில்லாமற் செய்ய யாராலும் முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம்.

வதந்தியைப் பற்றி எழுதியவர்களில் நாம் மிகவும் மதிப்பவர் ஷிபுதானி. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஜப்பானோடு போர் மூண்டதும், 1942-இல் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை அமெரிக்க அரசாங்கம் வீடு வாசலை விட்டு அகற்றி முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் ஒருவராக முகாமில் இருந்துகொண்டே அங்கு உலவிய பேச்சுக்களைக் கவனித்து வந்தார் ஷிபுதானி. 1966-இல் அவர் வெளியிட்ட நூலின் கருத்து, முன்னவர்கள் சொன்னதிலிருந்து மாறுபட்டது. வதந்தி என்பது வாய் மாறும்போது கெட்டுப்போன செய்தி அன்று என்கிறார் அவர். நம்பத்தக்க செய்தி கிடைக்காத இடத்தில் மனிதர் பலர் கூடித் தமக்குக் கிட்டிய துண்டு துணுக்குகளைக் கொண்டு தாமே ஆக்கிக்கொள்ளும் செய்திதான் அது. அறிவிலிகளின் பழக்கம் என்று அவர் யாரையும் இகழவில்லை. நாளை நம்மை எங்கே அனுப்புவார்கள் என்று அறியாமல் வேலிக்குள் இருந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வேற்றூரில் பிழைக்க வந்த எவரும் இந்த நூலை எளிதில் மூடிவைக்க முடியாது.

வானொலி நாடகத்தைக் கேட்டு, செவ்வாய் கிரகத்தார் வந்துவிட்டனர் என்று 1938-இல் அமெரிக்கர் வீதிக்கு ஓடிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதையும் ஆராய்ந்து 1940-இல் ஒரு நூல் வந்தது. அவ்வளவு பெரிய கலவரம் நடக்கவே இல்லை, பத்திரிகைகள் பெரிதாக்கின என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர். வதந்தியைப் பற்றியே ஒரு வதந்தி!

இவை எல்லாம் வாய்ச்சொல், அச்சு, வானொலி ஆகியவற்றின் காலத்து நூல்கள். கைபேசி வந்த பிறகு என்ன ஆயிற்று? 2018 மார்ச்சு மாதத்தில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளைப் பொய் எது, மெய் எது என்று பிரித்துக் கணக்கெடுத்தார்கள். பொய்ச் செய்தி மறுபடி அனுப்பப்படும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட நூற்றுக்கு 70 பங்கு அதிகமாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. எங்கள் பாஷையில் சொன்னால், மெய்யை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பொய்க்குப் பச்சைக் கொடி. இதைச் செய்தவை தாமே இயங்கும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தாம் என்பதும் அதில் தெரியவந்தது.

நம் நாட்டில் அந்த 2018-ஆம் ஆண்டு கொடிய ஆண்டு. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற கைபேசி வதந்தியால் பல மாநிலங்களில் வழிப்போக்கர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்துத் துலே மாவட்டத்தில் ஐவர் மாண்டனர். அதற்கு முன்பே, மே மாதத்தில், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அப்படியே உயிரிழந்தார். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதுதான் அவர்மேல் எழுந்த சந்தேகம். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் முதலில் இந்தியாவிலும், 2019-இல் உலகம் முழுவதிலும் வரம்பு விதித்தது அதற்குப் பின்னரே.

ரயில்வேக்காரருக்கு மறக்க முடியாத ஆண்டு 2012. ஆகஸ்டு மாதத்தில், வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்தி பெங்களூரில் பரவியது. சில நாட்களில் பல ஆயிரம் பேர் குவாஹாத்திக்கு வண்டி ஏறினார்கள். ஒரு நாளில் கூட்டமாக ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அவர்களுக்காகச் சிறப்பு வண்டிகளும் விடப்பட்டன. நல்லெண்ணத்தோடு விட்டவைதாம். ஆயினும் வீட்டில் தயங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? 'ஆபத்து இல்லாவிட்டால் சிறப்பு வண்டி எதற்கு?' என்றல்லவா தோன்றும்! இது எந்த நூலிலும் நாம் படித்தது அன்று. சாளரத்துக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவரின் அபிப்பிராயம்.

இனி நம் கதைக்கு வருகிறோம்.

2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று கைபேசிகளில் படங்கள் பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறை உடனே மறுத்தது. அப்படங்களில் ஒன்று பீகார்த் தொழிலாளரின் இரு குழுக்களுக்குள் நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த சண்டை என்று அறிவித்தது. பீகார் அரசாங்கம் தன் அதிகாரிகளை நேரில் அனுப்பிப் பார்த்தது. கூட்டம் நிரம்பி வழியும் வண்டிகளின் படங்களைக் காட்டி, 'தப்பி ஓடி வருகிறார்கள்' என்றார்கள். அந்த ஆண்டு ஹோலி மார்ச்சு 8-ஆம் தேதி. ஹோலிக்கு முந்திய பத்து நாட்களில் தென்னாட்டிலிருந்து வரும் வண்டிகளில் கழிவறை வாசலிலும் ஆள் நிற்பது எங்களுக்கு ஆண்டுதோறும் பழகிய காட்சி. பண்டிகைக் கூட்டத்தையும் ஓட்டக் கூட்டத்தையும் படம் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

அடுத்த நாற்காலியில் நம்முடன் பணிபுரியும் பீகார் நண்பருக்கு ஒரு தம்பி உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒரு நாள் காலையில் அவருடைய தாயார் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். பல முறை நம் வீட்டில் காபி அருந்தியவர். "பேட்டா, உங்கள் ஊர்க்காரர்கள் என் சின்னவனை என்ன செய்யப் போகிறார்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். கெஞ்சுவதுபோல் கேட்டார்.

அங்கேயே திருப்பூருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டோம். பையன் பேசினான். "இங்கே ஒன்றும் இல்லை அண்ணாஜி. நேற்றும் வேலைக்குப் போனேன். ஆனால் ஊரிலிருந்து தினமும் இருபது பேர் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். எல்லோரும் சொல்லும்போது எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது போலும்" என்றான். திருப்பூரில் நடப்பதைத் திருப்பூரில் இருப்பவனுக்கு நம் பக்கத்துக் கிராமம் சொல்லிக்கொண்டிருந்தது! நாம் எவ்வளவோ தேற்றினோம். மூன்றாம் நாள் ஆலப்புழையிலிருந்து இவ்வூருக்கு வரும் வண்டியில் ஈரோட்டுக்கு இப்பால் உட்கார இடமின்றி நின்றே வந்து சேர்ந்தான். வாரக் கூலி பாக்கியை விட்டுவிட்டு வந்தான். மறுபடி வேலைக்குப் போக இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தத் தாயாரைத் தேற்றி அனுப்பிய அதே நாள் இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு, சென்னையிலிருந்து நம் சிற்றப்பா மகன் ஒரு செய்தி அனுப்பினான். 'பழிக்குப் பழியாக ஹோலியன்று வடக்கே உள்ள தமிழர்களைத் தாக்கத் திட்டம். வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள். கதவைத் திறக்காதீர்கள்.' பலமுறை அனுப்பப்பட்ட செய்தி என்பதற்கான இரட்டை அம்புக்குறியும் அதன் தலையில் இருந்தது. நாம் அதை ஒரு முறை படித்தோம். நம் சங்கத்துக் குழுவில் அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் அனுப்பினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைத் தொடங்கி வைத்தவர் என்று செயலாளர் சொன்னது இதைத்தான்.

பகலெல்லாம் ஒரு வதந்தியைப் பொய் என்று வாதாடியவர் இரவில் இன்னொன்றை எப்படி நம்பினார் என்று கேட்பீர்கள். நாமும் கேட்டுக்கொண்டோம். அந்த வாரம் முழுதும் சந்தையிலும் பிளாட்பாரத்திலும் எவர் நம்மைப் பார்த்தாலும் வேறு மாதிரி பார்ப்பதாகத் தோன்றியது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அச்சம் இருந்தது, காரணம் இல்லை. சென்னையிலிருந்து வந்த செய்தி அந்தக் காரணத்தைக் கொடுத்தது. உள்ளதைச் சொன்னால், அதைப் படித்தபோது ஒருவித நிம்மதியே ஏற்பட்டது. 1934-இல் பாட்னாவில் கூரை விழாத வீட்டில் அமர்ந்திருந்தவனுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. அதோடு அந்த ரயில் பெட்டிப் படம். பகலில் கத்தி தமிழன் கையில் இருப்பதாகச் சொன்னபோது கொதித்தோம். இரவில் அதே கத்தியைப் பீகாரி கைக்கு மாற்றியவர்கள் நாம்.

ஹோலியன்று இவ்வூரில் எந்தத் தமிழர் வீட்டின்மீதும் ஒரு கல்லும் விழவில்லை. விழுந்தது வேறு. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே சொல்கிறோம். அவருடைய அண்டை வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பீகாரைச் சேர்ந்தவர். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஹோலிக்கும் ஒரு தட்டு நிறையக் குஜியாவும் ஒரு பொட்டலம் வண்ணப் பொடியுமாக வருவார். அந்த ஆண்டும் வந்து கதவைத் தட்டினார். உள்ளே விளக்கெரிந்தது; வானொலி பாடிக்கொண்டிருந்தது. சட்டென்று வானொலி நின்றது. கதவு திறக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, தட்டைத் துணியால் மூடிப் படியில் வைத்துவிட்டுப் போனார். 2024 ஹோலிக்கு அவர் வரவில்லை.

அதன் பிறகு பெரியவரும் நாமும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனோம். நம் கைபேசியில் அந்தச் செய்தியைக் காட்டி, அனுப்பியது நாம்தான் என்று சொன்னோம். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்க முயன்றார். தமிழாதலால் விளங்கவில்லை. பெரியவர் இந்தியில் சொன்னார். கேட்டுவிட்டு உள்ளே சென்று தம் கைபேசியைக் கொண்டுவந்தார். அவருக்கும் அதே வாரத்தில் இந்தியில் ஒன்று வந்திருந்தது. தமிழர் வீடுகளோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் குஜியா செய்யச் சொன்னாராம். "கதவு திறக்கவில்லை, என்ன நினைப்பது? வர வேண்டாம் என்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார். தேநீர் கொடுத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை.

1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'பாஸ்டன் ஹெரால்டு' என்ற நாளிதழ் 'வதந்தி மருத்துவமனை' என ஒரு பகுதி தொடங்கியது. ஊரில் உலவும் வதந்திகளை வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அதை ஆராய்ந்து பொய்யானால் பொய் என்று ஆதாரத்தோடு அச்சிடுவார்கள். மற்ற நகரங்களின் பத்திரிகைகளும் பின்பற்றின. பொய்யை அச்சிட்டு மறுப்பதால் அதை அறியாதவர்க்கும் அறிவித்ததாகாதா என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அறுபத்திரண்டு குடும்பங்கள் உள்ள சங்கத்துக்கு அவ்வளவு பெரிய மருத்துவமனை தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும்.

செயற்குழுவின் சம்மதத்தோடு எங்கள் அலுவலகத்துப் பேரேட்டைப் போல ஒரு தடித்த நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அச்சம் தரும் செய்தி எது வந்தாலும் குழுவில் போடுமுன் அதில் எழுதவேண்டும். நாள், மணி, செய்தி, யாரிடமிருந்து வந்தது, நேரில் கண்டவர் உண்டா, சரிபார்த்தவர் யார், எவரைக் கேட்டுச் சரிபார்த்தார் என்று ஏழு பத்திகள். தகவல் கிடைக்காவிட்டால் அதையும் எழுதி, அடுத்து எப்போது விசாரித்துச் சொல்வோம் என்று மணி குறிக்கவேண்டும். திருப்பூர், கோவை, சென்னை ஊர்களில் கூப்பிட்டுக் கேட்கத்தக்கவர்களின் எண்களைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இவ்வூர்க்காரர் சிலருடைய எண்களும் அங்கே உண்டு. அவற்றுள் முதலாவது அந்த ஆசிரியருடையது. அவரே எழுதிக் கொடுத்தார்.

முதல் பக்கத்து முதல் வரியில் 2023 மார்ச்சு மாதம் இரவு 9.45 மணிக்கு வந்த செய்தியை நம் கையாலேயே எழுதிவிட்டோம். 'சரிபார்த்தவர்' என்ற பத்தி அவ்வரியில் காலியாக இருக்கிறது. குறிப்பேடு செயலாளர் மேசையில், நாள்தோறும் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை கிடைக்கும்.